'யு' என்பது சூப் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஜப்பான் பயணக் கட்டுரையில், வாசலில் நீலத் திரை தொங்கும் கட்டடம் ஒன்றின் படத்துக்குக் கீழே 'பழமையான சூப் கடை' என்று அச்சிட்டிருந்தீர்கள். அது சூப் கடை அன்று. ஊரார் காசு கொடுத்துக் குளிக்கும் பொதுக் குளியல் கூடம். திரையில் உள்ள '湯' என்னும் ஒற்றை எழுத்தைச் சீனர் 'தாங்' என்று வாசித்துச் சூப் என்று பொருள் கொள்வர். ஜப்பானியரோ அதையே 'யு' என்று வாசிப்பர். அவர்களுக்கு அது வெந்நீர்.

படக்குறிப்பை மட்டும் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். 'சீனர், கொரியர், ஜப்பானியர் ஆகிய மூன்று நாட்டாருக்கும் எழுத்து ஒன்று, பொருள் ஒன்று, ஓசை மட்டுமே வேறு' என்று கட்டுரையாளர் எழுதிய வரியைத் தாங்கள் திருத்தாமல் விட்டதுதான் என்னை வருத்துகிறது. இந்த எழுத்தில் நடந்திருப்பது பெரும்பாலும் அதற்கு நேர்மாறானது. பெய்ஜிங்கிலும் சியோலிலும் ஹனோயிலும் ஏறக்குறைய ஒரே ஓசை, மாறியிருப்பது பொருள். தீமையைக் கண்டால் கொதிநீரில் கைவிட்டவரைப் போல விலக வேண்டும் என்ற கன்பூசியஸின் கூற்றிலும், குளிர்காலத்தில் வெந்நீர், கோடையில் தண்ணீர் என்று, கன்பூசியஸ் வழிவந்த பழஞ்சீனச் சிந்தனையாளர் மென்சியஸின் நூலில் வரும் பேச்சிலும் இதே எழுத்துதான் வெந்நீருக்கு நிற்கிறது என்பது தாங்கள் அறியாததன்று. பின்னாளில் சீனத்தில் அது சூப்பாக மாறியது. ஜப்பான் பழைய பொருளைக் காத்து, தன் சொந்தச் சொல்லான 'யு'வை அதன்மேல் ஏற்றிக்கொண்டது. கொரியர் இரண்டையும் விடவில்லை: மாட்டெலும்புச் சூப்பாகிய 'சொல்லொங்தாங்'கிலும் குளியல் கூடமாகிய 'மோக்யோக்தாங்'கிலும் வருவது அந்த எழுத்துக்குரிய 'தாங்' என்னும் சொல்தான். வியட்நாமில் அது கஷாய மருந்தோடு சேர்ந்து வழங்குகிறது. தண்ணீர் வேறு, வெந்நீர் வேறு என்று பிரித்துச் சொல்லும் நமக்கு, 'மிஸு' என்னும் தண்ணீரையும் 'யு'வையும் ஜப்பானியர் ஒருபோதும் கலப்பதில்லை என்பதை விளக்குவது அத்தனை கடினமா?

சென்னைக்கு அருகே ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் பன்னிரண்டு ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் நான். அங்கே உணவுக் கூடத்துக் கொதிநீர்க் குழாயின்மேல் இதே எழுத்தோடு கூடிய ஜப்பானிய எச்சரிக்கை ஒன்று இருந்தது. சீனம் ஓரளவு கற்ற அலுவலர் ஒருவர், என்னைக் கேளாமலே, அதன் கீழே 'சூடான சூப்' என்று தமிழில் எழுதி ஒட்டினார். குழாயைத் திறந்ததும் சூப்புக்குப் பதிலாகத் தெளிந்த நீர் வந்ததால், சாதாரணத் தண்ணீர் என்று எண்ணிக் கையை நீட்டிய ஒரு பயிற்சித் தொழிலாளியின் விரல்கள் வெந்துபோயின. 'ஒரு சொல்தானே' என்று எவரேனும் சொல்லும்போதெல்லாம் அந்தப் பையனின் கைதான் என் கண்முன் வருகிறது.

தங்கள் இதழில் இது முதல் முறையும் அன்று. கொரிய மொழி சீன எழுத்தில் எழுதப்படுகிறது என்று முன்பொரு முறை வெளியிட்டீர்கள். மன்னர் செஜோங் 1443இல் உருவாக்கி 1446இல் அறிவித்த ஹங்குல் எழுத்தே அங்கு வழங்குகிறது என்று இரு பக்கக் கடிதம் எழுதினேன். அது அச்சேறவில்லை, பதிலும் வரவில்லை. சீன எழுத்துகள் அனைத்தும் சித்திரங்கள் என்று வேறொரு கட்டுரை சொல்லிற்று. நான் பேசும் இந்த எழுத்தையே பாருங்கள்: இடப்புறம் உள்ள மூன்று கோடுகள் நீரைக் குறிக்கின்றன, வலப்புறப் பாதி ஓசையைக் காட்டுவதற்காக வந்தது. சீன எழுத்துகளில் மிகப் பெரும்பான்மை இவ்வாறு அமைந்தவையே. தமிழில் ஓர் ஒற்றெழுத்து பிழைத்தாலும் வருந்தும் இதழ், பிற மொழிகளிடம் மட்டும் இந்தக் கவனத்தைக் காட்டாதது எனக்கு ஆறவில்லை.

அடுத்த இதழில், அந்தப் படத்தில் இருப்பது குளியல் கூடம் என்று ஒரே ஒரு வரித் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
தாம்பரம்.