முதலில் தீர்வு, மரம் பிறகா? திருகோணமலைத் தமிழ்க் கட்சி அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டத்தில் தமிழ்க் கட்சிகளுக்காக வேலை செய்யும் அண்ணன்மார், அக்காமார், சபை உறுப்பினர்கள் எல்லோருக்கும்,

வணக்கம்.

சூழலை முன்வைத்து அரசியல் செய்யும் ஒரு சின்னக் கட்சியில் இருக்கிறேன். எங்களுக்கு அலுவலகம் கிடையாது. யாராவது ஒருவர் வீட்டு விறாந்தையில்தான் கூட்டம். துண்டுப்பிரசுரக் காசையும் நாங்களே போட்டுச் சேர்க்கிறோம். உங்களில் பலருக்கு எங்களைத் தெரியும், சிலர் எனக்குச் சொந்தக்காரரும்கூட.

போன உள்ளூராட்சித் தேர்தலுக்கு நாங்கள் வீடு வீடாகப் போனபோது, எங்களுக்குப் பின்னால் வந்த உங்கள் ஆட்கள் இரண்டு கதை சொல்லிக்கொண்டு போனார்கள். இவர்கள் வாக்கைப் பிரிக்க வந்தவர்கள் என்பது ஒன்று. முதலில் இனப்பிரச்சினைக்குத் தீர்வு வரட்டும், மரத்தையும் மானையும் பிறகு பார்ப்போம் என்பது மற்றது.

முதலாவதில் நியாயம் இருக்கிறது. பாராளுமன்றத்தில் இந்த மாவட்டத்துக்கு 4 ஆசனங்கள்தான். அதில் ஒரு தமிழ் ஆசனத்தையாவது காப்பாற்றத்தான் 2024 இல், வேறு மாவட்டங்களில் பிரிந்து நின்ற கட்சிகள் இங்கே ஒரே சின்னத்தில் நின்றன. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் உள்ளூராட்சித் தேர்தலின் கணக்கு வேறு. 2018 முதல் சபை உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரத்திலிருந்தும் 40 வீதம் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். வட்டாரத்தில் தோற்ற கட்சிக்கு விழுந்த வாக்கும் முழுச் சபைக்கான கணக்கில் சேர்கிறது. அப்படியிருக்க, எங்களுக்குப் போடும் வாக்கு கடலில் போட்ட வாக்கு என்று வயதுபோன அம்மாக்களிடம் சொல்வது சரியில்லை.

இரண்டாவது கதைதான் என்னை எழுத வைத்தது. சம்பூரை எப்படி மறந்தீர்கள்? 2006 இல் போரால் அந்த ஊர்ச் சனம் இடம்பெயர்ந்தது. திரும்பி வர வழியில்லாமல் முகாம்களில் கிடந்த காலத்திலேயே அவர்களுடைய மண்ணில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் கட்ட ஒப்பந்தம் போட்டார்கள். சாம்பல் எங்கே கொட்டுப்படும், சூடான தண்ணீர் கொட்டியாரக் குடாவுக்குள் விடப்பட்டால் மீனுக்கு என்ன நடக்கும், கிணறு என்னவாகும் என்று கேட்டது யார்? மீளக் குடியேற வந்த சனமும் சூழல் அமைப்புகளும்தான். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. அந்தத் திட்டத்தைக் கைவிடுவதாக 2016 செப்டெம்பரில் அரசாங்கம் நீதிமன்றத்தில் சொன்னது. அந்தப் போராட்டத்தில் காணி உரிமை எங்கே முடிந்தது, சூழல் எங்கே தொடங்கியது என்று யாராலும் பிரித்துக் காட்ட முடியுமா?

இப்போது எங்கள் மாவட்டத்து முத்துநகரைப் பாருங்கள். சூரிய மின் திட்டத்துக்கு வயற்காணியை எடுத்தார்கள் என்று 2025 இல் விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள். சூரிய மின்சாரம் எங்களுக்கு வேண்டும், அதற்காகவே பேசி வந்த ஆட்கள் நாங்கள். அதற்காக விதைத்து வெட்டிய வயலை ஒரு குடும்பத்திடமிருந்து பறிப்பதை எந்தப் பச்சைக் கொடியாலும் மூட முடியாது. இதைச் சொல்ல எங்களுக்குத் தயக்கம் இல்லை.

உங்கள் மேடைகளில் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். மூதூர்ப் பக்கம் ஒரு வளவுக்குள் நாங்கள் நுழைந்ததும், நெல் காயப்போட்டுக்கொண்டிருந்த ஐயா ஒருவர் நிமிர்ந்து, “தம்பி, நீங்கள் எல்லைக்கல் போட வந்தனீங்களோ?” என்றார். துண்டுப்பிரசுரத்தில் இருந்த மரப் படம்தான் காரணம். படத்தை விரலால் தட்டித் தட்டிக் காட்டினார். வனத் திணைக்களம் ஒரு பக்கம், வனஜீவராசிகள் இன்னொரு பக்கம், தொல்பொருள் வேறொரு பக்கம் என்று வர்த்தமானி போட்டே தமிழரும் முஸ்லிம்களும் பரம்பரையாகச் செய்த காணிகள் போயிருக்கின்றன. காடு காப்பது என்றாலே வேலி வரப்போகிறது என்று இங்கே சனம் பயப்படுவது அதனால்தான். அந்தப் பயத்தைப் போக்க கொழும்பிலிருந்து வரும் நிபுணரால் முடியாது. சனத்தோடு இருக்கும் நீங்களும் நாங்களும்தான் பேச வேண்டும். காட்டையும் குளத்தையும் காக்கும் பொறுப்பு ஊராரின் கையில் இருக்கட்டும் என்று நீங்களே கேட்டால் அது அதிகாரப் பகிர்வுக் கோரிக்கைதானே?

மணலும் அப்படித்தான். மகாவலி கொட்டியாரக் குடாவில் விழும் இடத்துக்கு மேலே அளவுக்கு மிஞ்சி அள்ள அள்ள ஆறு ஆழமாகிறது, கரை இடிகிறது, உப்புத் தண்ணீர் உள்ளே ஏறுகிறது. ஆற்றோரக் கிணறு சவர்த்துப் போனால் அதைக் குடிப்பவர் எந்தக் கட்சிக்கு வாக்குப் போட்டவர் என்று உப்புப் பார்க்காது. நகரத்து மான்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சோற்றுப் பொதியின் பொலித்தீன் லஞ்ச் சீட்டைச் சோற்றோடு சேர்த்து மெல்லும் மானை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சின்னக் கட்சியால் என்ன கிழிக்க முடியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். 1972 இல் அவுஸ்திரேலியாவின் தஸ்மானியாவில் பெடர் ஏரியைக் காக்க ஒரு சின்னக் கட்சி தொடங்கினார்கள். ஒரு ஆசனமும் கிடைக்கவில்லை, ஏரியும் அணைக்குள் மூழ்கியது. ஆனாலும் அங்கே பழகிய ஆட்கள் விடவில்லை. பிறகு பிராங்கிளின் ஆற்றில் அணை கட்டப் போனபோது அவர்களும் எதிர்த்து நின்றார்கள், 1983 இல் அந்த அணை நின்றது.

உங்களிடம் நாங்கள் ஆசனம் கேட்கவில்லை. சபைகளில் உங்கள் உறுப்பினர்கள் இருக்கிறார்கள், எங்களுக்கு அந்தப் பலம் இல்லை. மணல் அனுமதி கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம்தான், பிரதேச சபை அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் தன் எல்லைக்குள் யார் யாருக்கு, எவ்வளவு அள்ள அனுமதி இருக்கிறது என்ற பட்டியலைக் கேட்டு வாங்கி அறிவித்தல் பலகையில் ஒட்டச் சபையால் முடியும். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இருக்கிறது. நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளின் குப்பையைத் தரம் பிரித்து எடுக்கவும், மூடியில்லாத தொட்டிகளை மாற்றவும் ஒரு தீர்மானம் போதும். எந்தத் திணைக்களமாவது எல்லைக்கல் போட வருமுன் ஊர்க் கூட்டம் வைக்க வேண்டும் என்று மூன்றாவது தீர்மானத்தையும் கொண்டுவாருங்கள்.

மூன்றுக்கும் வரைவு எழுதி வைத்திருக்கிறோம். உங்கள் கட்சியின் பெயரிலேயே சபையில் சமர்ப்பியுங்கள், எங்கள் பெயர் அதில் வரத் தேவையில்லை. எந்த நாள் வந்து தரலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து ஒரு பசுமைக் கட்சித் தொண்டன்