வளைவுத் திரை விளம்பரத்தில் அகலத்தையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பண்டிகைத் தள்ளுபடி விளம்பரங்களில் வளைந்த அகலத்திரை மானிட்டர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. மூலைக்கு மூலை அளக்கும் அங்குலமும் விலையும் கொட்டை எழுத்தில் இருக்கும். மற்ற விவரத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கம்ப்யூட்டரில் கார் பந்தயம் ஆடுவதற்காக 49 அங்குலத் திரை ஒன்று வாங்கினேன். அதன் அகலம் கிட்டத்தட்ட நான்கு அடி. என் மேசையும் நான்கு அடிதான். ஸ்பீக்கர்கள் தரைக்கு இறங்கின. அதைவிடப் பெரிய சிக்கல், 5120க்கு 1440 பிக்சல், அதாவது படப்புள்ளிகள். இரண்டு 27 அங்குலத் திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது போன்ற சுமை. திரைக்குப் படத்தை உருவாக்கித் தரும் என் பழைய கிராபிக்ஸ் கார்டு திணறியது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சாலை விட்டுவிட்டு நகர்ந்தது. கடையில் ஒருவரும் என் கார்டு என்ன, மேசை எவ்வளவு என்று கேட்கவில்லை. திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டார்கள்.

அப்புறம் தம்பிக்கு 34 அங்குலத் திரை வாங்கினோம், 3440க்கு 1440. அகலம் சுமார் 80 சென்டிமீட்டர். பக்கத்தில் முந்தி வரும் கார் ஓரக்கண்ணிலேயே தெரிகிறது.

திரை எவ்வளவு வளைந்தது என்பதை 'ஆர்' எண்ணில் சொல்வார்கள்: 1000ஆர் என்றால் வளைவின் ஆரம் ஒரு மீட்டர். 1800ஆர் என்றால் 1.8 மீட்டர். எண் குறைந்தால் வளைவு கூடும். இந்த வளைவு எண்ணையும் சென்டிமீட்டரில் அகலத்தையும் விளம்பரத்தில் அச்சிடச் சொல்லி விற்பனையாளர்களை உங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டும்.

வாசகர்,
பீளமேடு, கோவை.