கேமரா படங்கள் கைபேசியில் சிதைய வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூர் அருகேயுள்ள பறவைகள் சரணாலயமான நஞ்சராயன் குளம், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 2024 ஆகஸ்டில் இடம்பெற்றதிலிருந்து, திருப்பூர், ஊத்துக்குளி, அவிநாசி வட்டாரத்து இளைஞர்கள் பலர் வீட்டில் கிடந்த டிஜிட்டல் கேமராவை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் குளக்கரைக்கு வருவதைக் காண்கிறேன். ஈரோடு மாவட்டத்தின் வெள்ளோடு பறவைகள் சரணாலயப் பக்கமும் இதே ஆர்வம் தெரிகிறது. மனம் நிறைந்த மகிழ்ச்சி. ஆனால் கேமராவில் தெளிவாக விழுந்த படம், கைபேசிக்கு மாறி, பறவை ஆர்வலர் குழுக்களுக்கும் தங்கள் நாளிதழின் வாசகர் படப் பகுதிக்கும் வந்து சேர்வதற்குள் பயனற்றதாகிவிடுகிறது என்பதே என் கவலை.

கேமராவின் திரையையே கைபேசியால் படம்பிடித்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். மற்றவர்கள் நண்பரின் கணினியில் ஏற்றி, அங்கிருந்து வாட்ஸ்அப் வழியாகத் தங்கள் கைபேசிக்கு வரவழைக்கிறார்கள். சாதாரணப் படமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் அதைச் சுருக்குவதோடு, எடுத்த நாள், நேரம் முதலிய பதிவுகளையும் நீக்கிவிடுகிறது, எச்.டி. (உயர்தரம்) என்று தேர்ந்தெடுத்தாலும் ஓரளவு சுருக்கம் இருக்கத்தான் செய்யும். திருமணப் படத்துக்கு இது பெரிய இழப்பாகத் தோன்றாமல் போகலாம். வலசை வந்த பறவையின் காலில் ஆய்வாளர்கள் மாட்டிய வளையத்தின் எழுத்துகளைப் படிக்கவும், நீர்க்கரைப் பறவைகளான உள்ளான்களில் ஒரு வகையை இன்னொரு வகையிலிருந்து கால் நிறத்தையும் இறகுப் புள்ளிகளையும் கொண்டு பிரித்தறியவும் அந்த நுணுக்கங்கள்தாம் வேண்டும். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு போன்ற பணிகளில் எந்த நாளில், எந்த நேரத்தில் பார்த்தோம் என்பதும் சான்றின் பகுதியே.

இதற்குச் செலவு மிகுந்த தீர்வு தேவையில்லை. கைபேசியின் டைப்-சி துளையில் நேரடியாகச் செருகத்தக்க கார்டு ரீடர் ஒன்று போதும். மெமரி கார்டை அதிலிட்டு, கைபேசியின் கோப்புச் செயலியில் டி.சி.ஐ.எம். என்ற கோப்புறையைத் திறந்தால், படங்களை முழு அளவில், தேதி மாறாமல் நகலெடுத்துக்கொள்ளலாம். ஐபோன் 15 முதல் ஆப்பிள் கைபேசிகளிலும் டைப்-சி துளையே உள்ளது. சில கைபேசிகளில், வெளிக் கருவிகளை இணைக்க உதவும் ஓ.டி.ஜி. வசதியை அமைப்புகளில் சென்று நாமே இயக்க வேண்டும். இதை அறியாமல் ரீடரே பழுது என்று கடையில் திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு.

ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 32 ஜி.பி.க்கு மேற்பட்ட கார்டுகள் பொதுவாக எக்ஸ்ஃபேட் என்னும் கோப்புச் சேமிப்பு முறையில் அமைந்திருப்பதால், பழைய ஆண்ட்ராய்டு கைபேசிகள் சில அவற்றைப் படிக்க முடியாமல், 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்கும். ஒருபோதும் சம்மதிக்கக் கூடாது. சம்மதித்தால் கார்டிலுள்ள படங்கள் அழிந்துவிடும். எஸ்.டி. கார்டின் ஓரத்திலுள்ள சிறு பூட்டை, எதுவும் அழியாதபடி ‘லாக்’ பக்கம் தள்ளிவிட்டுச் செருகுவது நல்ல பாதுகாப்பு.

வைஃபை உள்ள கேமராக்களுக்கு அந்தந்த நிறுவனத்தின் செயலி இருக்கிறது. எனினும் நிக்கானின் ஸ்னாப்பிரிட்ஜ் செயலிக்குத் தானாக வந்து சேரும் படங்கள் பொதுவாக 2 மெகாபிக்சல் அளவுக்குச் சுருக்கப்பட்டவை. அசல் வேண்டுமென்றால் வைஃபை மூலம் அதைத் தனியே தேர்ந்தெடுத்து இறக்க வேண்டும்.

தங்கள் நாளிதழ் வாசகர் படங்களை வாட்ஸ்அப்பில் கேட்கும்போது, 'படத்தை டாக்குமென்டாக இணைத்து அனுப்புங்கள்' என்ற ஒரு வரியை அறிவிப்பில் சேர்க்க வேண்டுகிறேன். அவ்வாறு அனுப்பினால் படம் சுருங்குவதில்லை. கேமராவின் தேதியையும் நேரத்தையும் சரிபார்த்துவிட்டுப் படமெடுக்குமாறு கூடவே நினைவூட்டினால், மாணவர்கள் அனுப்பும் படங்கள் அச்சுக்கு மட்டுமன்றிப் பறவைப் பதிவுகளுக்கும் உதவும்.

இப்படிக்கு,
பறவை ஆர்வலர் ஒருவர்,
ஊத்துக்குளி, திருப்பூர் மாவட்டம்.