எரிமலை இருக்கட்டும், முதலில் ஆற்றைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் வந்த ஐஸ்லாந்து மலைநடைக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் லாண்ட்மன்னலௌகரில் கிளம்பி தோர்ஸ்மோர்க்கில் முடியும் லௌகவேகுர் பாதையை, ஏதோ எரிமலை வெடிக்காமல் இருந்தால் யாரும் நடந்துவிடலாம் என்கிற மாதிரி எழுதியிருந்ததுதான் உறுத்தியது. சுமார் 55 கிலோமீட்டர், நான்கு நாள், சரி. போன ஆகஸ்டில் நாங்கள் நான்கு பேர் அதே வழியில் நடந்தோம், நான்கு நாள் ஐந்தானது. அதற்கும் எரிமலைக்கும் சம்பந்தமே இல்லை.

எங்களில் ஒருவர் வெள்ளியங்கிரி ஏழு மலையையும் ஆறு தடவை ஏறியவர், "இது அதுக்குப் பாதி கூட இல்ல" என்று முதல் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். ஏற்றத்தை மட்டும் பார்த்தால் அவர் சொன்னது தப்பில்லை. ஆனால் முதல் இரவு தங்கும் ஹ்ராஃப்ன்டின்னுஸ்கேர் குடிலுக்கு ஒரு மணி நேர நடை இருக்கும்போது மூடுபனி இறங்கியது. வழி காட்ட நட்டிருக்கும் மரக்குச்சிகளில் ஒன்றுக்குப் பக்கத்தில் நின்றால் அடுத்தது தெரியவில்லை. ஒருவர் குச்சியிலேயே நிற்க, இன்னொருவர் கூப்பிடு தூரத்துக்குள் முன்னால் போய் அடுத்த குச்சியைத் தேட, பிறகு எல்லோரும் நகர, இப்படியே போய்ச் சேர்ந்தோம். ஆகஸ்டிலும் அங்கே பனித்திட்டுகள் கிடக்கின்றன, அவற்றுக்கு அடியில் வெந்நீர் ஊற்றும் நீராவியும் இருக்கும், மேலே கெட்டியாகத் தெரிகிற பனி உள்ளே பொந்தாக இருக்கும். குச்சி வரிசையை விட்டு விலகாதீர்கள் என்று சொல்வது அதற்குத்தான். அந்தக் குடிலுக்கு மிக அருகில் ஒரு நினைவுக் கற்குவியல் இருக்கிறது. 2004 ஜூன் மாதக் கடைசியில், நல்ல கோடையில், பனிப்புயலில் சிக்கி ஓர் இளைஞர் அங்கே இறந்துபோனார். உங்கள் கட்டுரையில் அது ஒரு வரி கூட இல்லை.

இப்போது ஆற்றுக்கு வருகிறேன். மூன்றாம் நாள் மழை விடட்டும் என்று ஆல்ஃப்டவாட்ன் குடிலிலேயே காத்திருந்து தாமதமாகக் கிளம்பி, ப்ளாஃபியாட்லக்விஸ்ல் ஆற்றங்கரைக்கு வரும்போது மதியம் தாண்டிவிட்டது. தண்ணீர் பால் கம்மியாக ஊற்றிய காபி நிறத்தில் ஓடியது, அடி தெரியவில்லை. கம்பை ஊன்றிப் பார்த்தேன், முதல் இரண்டு அடியிலேயே முழங்காலுக்கு மேல். பனியாற்றுத் தண்ணீர் சேரும் ஆறுகள் வெயிலடித்தால் மாலையில் ஏறும், மழை பெய்தால் எந்நேரமும் ஏறும், விடிகாலையில்தான் அடங்கியிருக்கும். வெள்ளியங்கிரிக்காரர் ஷூவைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு இறங்கத் தயாராகிவிட்டார். நல்ல வேளை, கொஞ்சம் சண்டை போட்டுத் திரும்பிப்போய் ஹ்வான்கில்லில் கூடாரம் அடித்தோம். மறுநாள் காலை ஆறு மணிக்கு வந்தால் அதே இடத்தில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே. அகலமாகப் பிரிந்து ஓடுகிற இடமாகப் பார்த்து, பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டு (விழுந்தால் பையை உதறிவிட முடியும்), பழைய கேன்வாஸ் ஷூவோடு, கைகோத்துக் கடந்தோம். பாதி வழியிலேயே கால் விரல் இருப்பதே தெரியவில்லை.

எரிமலை ஆபத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. பக்கத்திலிருக்கும் மீர்தால்ஸ்யோகுல் பனிமலைக்கு அடியில் காட்லா என்கிற எரிமலை படுத்திருக்கிறது, 1918க்குப் பிறகு பெரிதாக வெடிக்கவில்லை. ஆனால் வெடிக்காமலே அது வெள்ளம் அனுப்பும். அடிச்சூட்டில் உருகித் தேங்கிய தண்ணீர் ஒரே நாளில் பிய்த்துக்கொண்டு வரும். 2011 ஜூலையில் தெற்கே ஒரு பாலத்தையே அடித்துக்கொண்டு போனது, 2024 ஜூலையில் தேசிய நெடுஞ்சாலையை மூடவைத்தது. ஆற்றோரம் திடீரென்று எரிமலை வாயுவின் அழுகிய முட்டை நாற்றம் கூடினால் மேட்டுக்கு ஏறுங்கள் என்பார்கள். லாண்ட்மன்னலௌகரில் வெந்நீர் ஊற்றுகளால் எந்நேரமும் அந்த நாற்றம்தான், அங்கே ஓடவேண்டியதில்லை.

இன்னொன்று, தோர்ஸ்மோர்க்கிலிருந்து ஸ்கோகார் வரை "கூடுதலாக ஒரு நாள்" என்று போட்டிருக்கிறீர்கள். அது இரண்டு பனிமலைகளுக்கு நடுவே சுமார் 1,000 மீட்டர் உயரம் ஏறி இறங்கும் ஃபிம்வொர்துஹால்ஸ் கணவாய், 25 கிலோமீட்டர், 2010 மார்ச்சில் எரிமலை பிளந்த இடமே அந்தப் பாதையில்தான். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே பனிக்காற்று வீசும். நாங்கள் வானிலையைப் பார்த்து அதை விட்டுவிட்டோம். பனிக்குகைக்குள் நின்று செல்ஃபி எடுக்கச் சொல்லியிருப்பதையும் தயவுசெய்து திரும்பப் பாருங்கள். 2024 ஆகஸ்டில் ப்ரெய்தாமெர்குர்யோகுல் பனியாற்றில், வழிகாட்டியோடு போனவர்கள் மேலேயே பனி இடிந்து விழுந்து ஒருவர் இறந்தார்.

சேஃப்டிராவல் என்கிற ஐஸ்லாந்து பயணப் பாதுகாப்பு இணையதளத்தில் பயணத் திட்டத்தைப் பதிந்து வைக்கலாம், அவசர உதவிக்கான 112 செயலியில் ஒரு பொத்தானைத் தட்டினால் நாம் இருக்கும் இடம் போய்விடும், சிக்னல் இருந்தால். தேடி வருகிறவர்கள் தன்னார்வலர்கள், புத்தாண்டுக்குப் பட்டாசு விற்றுப் பணம் சேர்க்கிற ஆட்கள் (சிவகாசிக்காரர்கள் கவனிக்க!). அடுத்த முறை ஐஸ்லாந்து கட்டுரை போட்டால் இந்த இரண்டையும் ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள்.

திரும்பி வரும் பஸ்ஸுக்கு முன்பதிவு செய்திருந்தது அந்தத் தவறிய நாளுக்குத்தான். நான்கு டிக்கெட், பணம் போனது போனதுதான். வெள்ளியங்கிரிக்காரர் தன் பங்கைக் கடைசியாகத்தான் கொடுத்தார், ஆனால் கொடுத்துவிட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கோயம்புத்தூர்