தேநீர் கொடுக்க நினைத்த அம்மையாருக்கு

அன்புள்ள மரியான் நார்த் அம்மையாருக்கு,

வணக்கம். நீங்கள் 1890-இலேயே போய்விட்டீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். லண்டன் வந்திருந்தபோது ஒரு நாள் அங்குள்ள க்யூ தாவரவியல் தோட்டத்தில் நல்ல மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் தேடி ஓடியபோது நம்மூர்ப் பழைய பங்களா மாதிரி வராந்தா வைத்த ஒரு கட்டிடம் கண்ணில் பட்டது, ஏறிவிட்டேன். அது நீங்கள் வரைந்த செடி ஓவியங்களின் கூடம் என்று தெரியாது, ஓவியம் பார்க்கும் எண்ணமெல்லாம் இல்லை, நனையாமல் இருந்தால் போதும்.

உள்ளே போனதும் முதலில் நினைவுக்கு வந்தது, மன்னிக்கவும், எங்கள் ஊரில் சாமி படத்துக்குச் சட்டம் போடும் கடை. 832 படங்கள், சட்டத்தோடு சட்டம் இடித்துக்கொண்டு, விரல் நுழையக்கூட இடம் விடாமல். அவற்றுக்குக் கீழே சுவரில் 246 வகை மரத்துண்டுகள். எல்லாவற்றையும் நாடு நாடாகப் பிரித்து நீங்களே அடுக்கியதாம், கட்டிடச் செலவும் உங்களுடையதாம். எங்கே பார்வையை நிறுத்துவது என்று தெரியாமல் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

அப்புறம்தான் உங்களைப் பற்றித் தேடிப் படித்தேன். 1855-இல் சாகும்போது அப்பாவை விட்டுப் போகாதே என்று அம்மா வாங்கிய வாக்கு, 1869-இல் அப்பாவின் மரணம், 1871-இல் நாற்பது வயதில் கப்பல் ஏறியது. அமெரிக்கா, ஜமைக்கா, பிரேசில், ஜப்பான், போர்னியோ தீவின் சரவாக், ஜாவா, இலங்கை, இந்தியா. டார்வின் சொன்னார் என்று ஆஸ்திரேலியா. கடைசியில் உடம்பு ஒத்துழைக்காத நேரத்தில் ஒரே ஒரு மரத்துக்காகச் சிலி. தைரியம்தான், ஆனால் அப்பா நாடாளுமன்ற உறுப்பினர், கையில் சொத்து, போகிற ஊரில் எல்லாம் கவர்னர் வீட்டில் தங்க அறிமுகக் கடிதம். அதையும் சொல்லாமல் உங்களைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் படங்களில் எனக்குப் பிடித்தது வேறு. அந்தக் காலத்தில் தாவரப் படம் என்றால் வெள்ளைத் தாளில் நீர்வண்ணம்: ஒரு கிளை, ஒரு பூ, ஓரத்தில் அறுத்துக் காட்டிய சூலகம். நீங்கள் எண்ணெய் வண்ணத்தில் பூவை வரைந்து, அதன் பின்னால் மலையையும் ஆற்றையும் யார் வீட்டுக் கூரையையோகூட வரைந்து வைத்தீர்கள். செடி எங்கே நின்றதோ அங்கேயே நிற்கட்டும் என்று விட்டுவிட்டீர்கள். சரவாக்கின் மாதாங் காட்டுச் செடிகள் என்று 1876-இல் வரைந்த படத்தில் நீல நிறக் காய்கள் தொங்குகின்றனவே, அதன் பெயர் ரொம்பக் காலம் யாருக்கும் பிடிபடவில்லை, கற்பனையாக இருக்குமோ என்றுகூடத் தோன்றக்கூடிய நீலம் அது. க்யூவில் வேலை செய்யும் தியான்யி யு என்ற ஓவியர் அந்தப் பகுதியிலிருந்து வந்த, காயவைத்துப் பாதுகாத்த செடி மாதிரிகளைத் தேடிப்பார்த்து, 1973-இல் சேகரித்த ஒன்றோடு பொருத்தி, 2021-இல் அதற்கு சசாலியா நார்த்தியானா என்று உங்கள் பெயரையே வைத்துவிட்டார். தலைப்பில் நீங்கள் எழுதிய காட்டின் பெயர் இல்லாவிட்டால் எங்கே போய்த் தேடுவது?

உங்கள் பெயர் கொண்ட இன்னொரு செடி, பூச்சிகளைப் பிடித்து உண்ணும் அந்தப் பெரிய குடுவைச் செடி. படத்தைப் பார்த்துவிட்டு நாற்றுப்பண்ணைக்கார வீட்ச் போர்னியோவுக்கு ஆள் அனுப்பித் தேடிப் பிடிக்க, க்யூ தோட்டத்தின் இயக்குநர் ஹூக்கர் நெபந்தஸ் நார்த்தியானா என்று பெயர் வைத்தார். ஆனால் காட்டிலிருந்து அதை உங்கள் தூரிகை முன்னால் கொண்டுவந்து வைத்தது வேறு கைகள். மரம் ஏறியவர்கள், வழி காட்டியவர்கள், அட்டைக்கடி பட்டவர்கள் யார் பெயரும் அந்தச் செடிக்கு வரவில்லை.

தஞ்சாவூருக்கு வருகிறேன், இதைச் சொல்லாமல் கடிதத்தை முடிக்க முடியாது. இலங்கையிலிருந்து 1877 கடைசியில் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தீர்கள். தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னெல், அரண்மனை நூலகத்துச் சமஸ்கிருதச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டாரே அவர்தான், அவரோடு சேர்ந்து இந்துக்கள் புனிதமாக நினைக்கும் செடிகளைப் பற்றி ஒரு நூல் போடத் திட்டம். அவர் 1882-இல் இறந்துவிட, அது வரவே இல்லை. வந்திருந்தால் துளசியும் வில்வமும் உங்கள் எண்ணெய் வண்ணத்தில் ஒரே நூலில் கிடைத்திருக்கும், எனக்கு இன்றைக்கும் ஆதங்கம். ஆனால் நீங்கள் வந்த காலம் எது தெரியுமா? 1876-78-இன் தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் பசியில் செத்த காலம். உங்கள் சுவரில் தஞ்சைப் பெரிய கோயில் இருக்கிறது, பச்சை இருக்கிறது, பஞ்சம் இல்லை. செடி நிற்கும் இடத்தை எல்லாம் வரைந்தவர் ஆயிற்றே என்றுதான் கேட்கிறேன். பதில் வராது, தெரியும்.

கோபத்தோடு முடிக்கவும் மனமில்லை, காரணம் தேநீர். கூடம் பார்க்க வருகிறவர்கள் களைத்துப்போய் வருவார்கள், அவர்களுக்குத் தேநீரோ காபியோ கொடுக்க வேண்டும் என்று கேட்டீர்களாமே. ஹூக்கர் முடியாது என்றதும் பேசாமல் வாசல் பக்கம் தேயிலைச் செடியையும் காபிச் செடியையும் வரைந்துவிட்டுப் போய்விட்டீர்கள். எங்கள் வீட்டுப் பெரியம்மாக்கள் செய்கிற வேலை இது, சண்டை போடாமல் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போவது.

நான் போன அன்று இது எனக்குத் தெரியாது. மழை விட்டதும் தேநீர் தேடிக்கொண்டு அந்த வாசலைத் தாண்டித்தான் வெளியே போனேன், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வராந்தாவில் மழைக்கு ஒதுங்கியவன்