மகளுக்கு, கிளிநொச்சி தருமபுரத்திலிருந்து

அன்பு மகளுக்கு,

அடையாள அட்டைக்கு எண்டு பிறப்புப் பத்திரத்தை எடுத்தனியாம். "அப்பா இந்தியத் தமிழ், அம்மா இலங்கைத் தமிழ் எண்டு கிடக்கு, அப்ப நான் ஆர்?" எண்டு ஃபோனில கேட்டாய். ஹொஸ்டல் பிள்ளையள் பாத்துச் சிரிச்சதாம். எனக்கு ஃபோனில இதெல்லாம் கதைக்க வராது, அதான் எழுதுறன்.

அப்பாச்சி தேயிலைத் தோட்டத்து லயத்தில, கூலியாக்களின்ர வரிசை வீட்டில பிறந்தவ. 1948 இல போட்ட குடியுரிமைச் சட்டத்தால அவவின்ர தாய் தேப்பன் நாடில்லாத சனமாப் போச்சினம். 1977 ஆவணிக் கலவரத்தோட இஞ்ச வந்து, பாலையும் முதிரையும் நிண்ட காட்டை வெட்டி, வேர் கிண்டி, கச்சான் போட்டவை. லீவில வரேக்க அவவின்ர வலக்கைப் பெருவிரலைப் பார், நகம் நடுவால பிளந்து வளந்திருக்கும். கொழுந்து கிள்ளின விரல். இப்பவும் முருங்கையிலை உருவுறது அதாலதான்.

அம்மா முல்லைத்தீவுப் பக்கம், முள்ளியவளை. கடல் தண்ணியில விளக்கெரிக்கிற காட்டு விநாயகர் கோயிலடி. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் எண்டா இந்த வீட்டில மச்சம் அடுப்பேறாது, தெரியும்தானே. எங்கட கலியாணத்துக்கு அவவின்ர ஆக்கள் ஒருத்தரும் வரேல்லை. 2009 இல, சண்டை முடியிற நேரம், முள்ளிவாய்க்காலில ஒரே பங்கருக்குள்ள அப்பாச்சியும் அம்மம்மாவும் குந்தியிருந்தவை. அங்க ஆரும் ஆரையும் 'எந்த இடம்' எண்டு கேக்கேல்லை, தண்ணி கிடக்கோ எண்டுதான் கேட்டினம். பிறகு எங்களை வைச்சிருந்த செட்டிகுளம் அகதி முகாமால வெளிக்கிட்ட கையோட பழையபடி கேக்கத் தொடங்கிட்டினம். சனம் அப்பிடித்தான். அதுக்குப் பிறகு, 2010 இல பிறந்தனி நீ. உன்னை முதல் குளிப்பாட்டினது அம்மம்மா, தாலாட்டினது அப்பாச்சி. இதில எந்தப் பாதியை நீ கழிக்கப் போறாய்?

பத்திரத்தில 'இந்தியத் தமிழ்' எண்டு கிடக்கிற அந்த வரியை மாத்தலாமோ எண்டும் கேட்டாய். மாத்துற ஆக்கள் இருக்கினம், அவையை நான் குறை சொல்லேல்லை. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு கரைச்சல். நான் மாத்தேல்லை. நாளைக்கு உன்ர பிள்ளைக்கு என்ன எழுதுறது எண்டதை நீ முடிவெடு. கேக்கிற எல்லாருக்கும் எங்கட கதையைச் சொல்லிக்கொண்டு திரியவும் தேவையில்லை. சிலர் ஊரைக் கேக்கிறதே ஆளை அளக்கத்தான்.

ஆனா பள்ளிக்கூடப் பரிசளிப்புக்கு அப்பாச்சியைக் கூட்டிவர வேண்டாம் எண்டு அம்மாட்டச் சொன்னியாம். அது எனக்குப் பிடிக்கேல்லை. அவ வருவா. சத்தமாத்தான் கதைப்பா. கூச்சமா இருந்தா நீ தள்ளி நில், பரவாயில்லை. ஆனா அவவின்ர கையில இருக்கிற பையை வாங்கு. அவிச்ச கச்சானும் ரொட்டியும் கிடக்கும், பாரம்.

விண்ணப்பத்தில பேரைப் பத்திரத்தில கிடக்கிறபடியே எழுது. அதிபரிட்டக் குடுக்கிற கடைசித் திகதியை அம்மாவுக்கு மெசேஜ் போடு.

அப்பா