கேட்டுக்கு அடியில் குனியும் அவசரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் ஊர் ரயில்வே கேட் மூடினால் ஐந்தாறு நிமிடம் ஆகும். அதற்குள் பைக்கைச் சாய்த்துக் கேட்டுக்கு அடியில் நுழைகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். பின்னால் மனைவி, மடியில் குழந்தை. இதே ஆள்தான் 20 வருட இன்சூரன்ஸ் பாலிசிக்குத் தவணை தவறாமல் கட்டுகிறவர்! அப்புறம் கடந்துபோய், எதிர்ப்பக்க டீக்கடையில் சாவகாசமாக நின்று வேடிக்கை பார்க்கிறார்.

எதிர்காலத்தை எண்ணுவதைவிட இந்த நிமிடத்திலேயே வாழ்பவர்கள் வண்டி ஓட்டும்போது அதிக ஆபத்தைத் தேடிக்கொள்வதாக, அமெரிக்க உளவியலாளர் பிலிப் ஜிம்பார்டோவும் சகாக்களும் 1997-இல் எழுதினார்கள். அந்த அவசரத்தில் கிடைப்பது கொஞ்சம், ஆபத்தோ அதிகம் என்று கணக்கும் சொல்கிறது. 10 கி.மீ. தூரத்தை 60-க்குப் பதில் 80 கி.மீ. வேகத்தில் போனால் மிச்சமாவது இரண்டரை நிமிடம். பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரமோ கிட்டத்தட்ட 1.8 மடங்காகிறது.

தண்டவாளத்தில் அத்துமீறினால் 6 மாதச் சிறை வரை உண்டு என்ற பலகையை யாரும் படிப்பதில்லை. சரி, சிக்னலில் இருப்பதுபோல் கேட்டிலும் மீதி நேரத்தைக் காட்டும் பலகை வைத்தால் என்ன? எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்புதான் பாதிப் பேரைக் குனிய வைக்கிறது. ரயில்வே இதை யோசிக்கட்டும்.

– வாசகர் ஒருவர், விழுப்புரம்